பனித்திட்டின் ஏரி

ஆற்றுக்கு இருக்கிற மதிப்பு நம் நாட்டில் ஏரிக்கு இல்லை. காவிரியைத் தாய் என்கிறோம். புதுப் புனல் வந்தால் பதினெட்டாம் பெருக்கு என்று ஒரு பண்டிகையே கொண்டாடுகிறோம். ஏரிக்கு அப்படி என்ன செய்கிறோம்? கல்கி தம்முடைய 'பொன்னியின் செல்வ'னை வீராணத்து ஏரிக்கரையில் தொடங்கி வைத்தார். அதுவும் பதினெட்டாம் பெருக்கு நாளாகப் பார்த்துத் தொடங்கினார். ஆற்றின் பண்டிகையில் ஏரிக்கும் ஒரு பிடி சித்திரான்னம் கிடைக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ!

இதற்குக் காரணம் உண்டு. ஆறு தானாக வந்தது. ஏரியை நாம் செய்தோம். தானாக வந்ததைக் கும்பிடுவதும், நம் கையால் செய்ததை நாளடைவில் மறந்துவிடுவதும் மனித சுபாவம். பெற்ற தாயின் படத்துக்கு மாலை போடுகிறவர்கள்கூட, வீட்டுக் கிணற்றைத் தோண்டிய தாத்தாவின் பெயரைச் சட்டென்று சொல்லத் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

ஏரி என்றால் பிரமாதமான சிற்ப வேலை ஒன்றும் இல்லை. சரிவான பூமியில் மேட்டிலிருந்து இறங்கி ஓடுகிற தண்ணீரை, பள்ளத்துப் பக்கம் ஒரு மண்கரை போட்டு நிறுத்துகிறோம், அவ்வளவுதான். கரையில் இங்கொன்றும் அங்கொன்றுமாக மதகுகள். கொள்ளளவுக்கு மேலே வருகிற நீர் வழிந்து போவதற்கு ஒரு கலங்கல். இந்தக் கலங்கலில் வழிந்தது வீணாகாது. வாய்க்கால் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. பெரிய குடும்பத்தில் மூத்தவன் போட்டுக் கழித்த சட்டை வரிசையாக இளையவர்களுக்குப் போவதுபோல. புதுச்சேரியைச் சுற்றி இப்படி 84 ஏரிகள் இருக்கின்றன. அவற்றில் பெரியது ஊசுட்டேரி. அதற்கு அடுத்தது பாகூர் ஏரி. நான் சொல்ல வந்தது இந்த இரண்டாவதைப் பற்றி.

புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் தெற்கே போய், கிருமாம்பாக்கத்தைத் தொட்டு மேற்கே திரும்பினால் பாகூர். இந்தப் பிரதேசத்தில் பிரயாணம் செய்வதே ஒரு வேடிக்கை. பஸ் ஒரு திருப்பம் திரும்பினால் தமிழ்நாடு. இன்னொரு திருப்பத்தில் புதுச்சேரி. எல்லைக் கோட்டை வகுத்தவர்கள் பூமியைப் பார்த்து வகுக்கவில்லை. யுத்தத்தையும் உடன்படிக்கையையும் பார்த்து வகுத்தார்கள். 1752-ல் இந்தப் பாகூருக்குப் பக்கத்தில்தான் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டார்கள். ஸ்ட்ரிஞ்சர் லாரன்ஸின் படை ஜயித்தது. அப்படியும் கடைசியில் பாகூர் பிரெஞ்சுக்காரர் வசமே இருந்தது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகமும், 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி சட்டப்படியான உரிமையும் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தன. கோடுகள் மட்டும் போட்டது போட்டபடியே நிற்கின்றன.

தண்ணீருக்கு இந்தக் கோடுகள் தெரியாது. பாகூர் ஏரிக்கு வருகிற நீர் தென்பெண்ணையின் நீர். அந்த நதி கர்நாடகத்தில் நந்திமலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் என்று நடந்து, கடலூர் அருகே கடலில் கலக்கிறது. கலப்பதற்குச் சில காத தூரத்துக்கு முன்னால் சொர்ணாவூரில் ஓர் அணைக்கட்டு இருக்கிறது. அங்கிருந்து பிரிகிற பங்காரு வாய்க்கால்தான் பாகூர் ஏரிக்கு உயிர்நாடி. அணைக்கட்டு தமிழ்நாட்டில், ஏரி புதுச்சேரியில். ஒரு வீட்டில் அடுப்பும் இன்னொரு வீட்டில் பானையும் இருக்கிற மாதிரி. சோறு வேக வேண்டுமானால் இரண்டு வீட்டாரும் பேசிக்கொண்டிருக்க வேண்டும்.

பங்காரு என்ற பெயருக்கு ஒரு கதை சொல்லுகிறார்கள். பங்காரி, சிங்காரி என்று இரண்டு சகோதரிகள். ஆடல் பாடலில் வல்ல தேவதாசிகள். சேர்த்து வைத்த பொன்னையெல்லாம் செலவழித்து இந்த வாய்க்காலை வெட்டினார்களாம். கதைதான். ஆனால், இந்தச் சீமையில் தண்ணீரைப் பற்றிய கதை என்றால் அதில் ஒரு தாசி வந்து நிற்பாள் போலிருக்கிறது. புதுச்சேரிப் பூங்காவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே ஆயி மண்டபம், அந்த ஆயியும் தாசிதான். கிருஷ்ணதேவராயர் அவளுடைய மாளிகையைக் கோயிலென்று நினைத்துக் கும்பிட்டாராம். யாருடைய வீடென்று தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். அவள் தானே இடித்துவிடுவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு குளம் வெட்டினாளாம். மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்தரையர்பாளையத்திலிருந்து பட்டணத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தபோது, அவளை நினைத்து மண்டபம் எழுப்பினார்கள் என்பது கர்ணபரம்பரை. ஊர் யாரைத் தாழ்வாக நினைத்ததோ, அவர்கள் பெயரால் ஊர் தண்ணீர் குடிக்கிறது. கதை கட்டினவர்களின் மனத்தில் ஏதோ ஒரு குற்றவுணர்வு இருந்திருக்க வேண்டும்.

கதையை விட்டுச் சரித்திரத்துக்கு வந்தால், பாகூர் லேசுப்பட்ட ஊர் அல்ல. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ அரசன் நிருபதுங்கவர்மனின் 8-ஆம் ஆட்சியாண்டில், இங்கே இருந்த ஒரு வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களைத் தானம் செய்ததாகப் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. வித்தியாஸ்தானம் என்றால் கல்லூரி. கல்லூரி நடத்தச் சோறு வேண்டும், சோற்றுக்கு நெல், நெல்லுக்குத் தண்ணீர். மூன்று கிராமங்களின் வருமானத்தில் வித்துவான்கள் உட்கார்ந்து சாஸ்திரம் சொன்னார்கள் என்றால், எங்கேயோ ஒரு கரையை யாரோ காத்து நின்றிருக்கிறார்கள் என்று அர்த்தம். செப்பேட்டில் அரசனுக்கு இடமுண்டு, வித்துவான்களுக்கு இடமுண்டு. கரை காத்தவனுக்கு இடமில்லை.

குடிமராமத்து என்ற சொல்லை இப்போது மேடைகளில் மிகவும் ஆசையோடு உச்சரிக்கிறார்கள். ஊரார் கூடி ஏரியைத் தூர் வாரிய அந்தப் பொற்காலம் திரும்பாதா என்று ஏங்குகிறார்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பார்த்தால் சோழன் முதல் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும், ஏரி வாரியம் என்று தனிக் குழுவே இருந்தது தெரிகிறது. அதற்குக் குடவோலை போட்டு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். பெருமைதான். ஆனால் ஏங்குகிறவர்கள் இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சென்னை ராஜதானியில் ஆங்கில சர்க்கார் 1858-ல் கட்டாய வேலைச் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. கரை உடையும் நேரத்தில் ஆட்களைக் கட்டாயமாக வேலைக்கு இழுப்பதற்கும், குடிமராமத்தைச் சட்டத்தின் பலத்தால் நடத்துவதற்கும்தான் அந்தச் சட்டம். எல்லாரும் சந்தோஷமாகக் கூடை தூக்கிக்கொண்டு வந்திருந்தால் சட்டம் எதற்கு? மண் சுமந்த தலைகளில் எத்தனையோ தலைகளுக்கு அந்த ஏரிப் பாசனத்தில் ஒரு குழி நிலம் கிடையாது. கூலிக்கும் கும்பிடுக்குமாகச் சுமந்தார்கள். ஏரி ஊரை ஒன்றாகக் கட்டிப் போட்டது உண்மை. அந்தக் கட்டில் சிலருக்குக் கயிறு இறுக்கமாக இருந்ததும் உண்மை.

ஆகையால், ஆழ்குழாய்க் கிணறு வந்தபோது விவசாயி ஏன் சந்தோஷப்பட்டான் என்பது எனக்கு நன்றாகப் புரிகிறது. பாகூர் ஏரிக்கரையில் ஒரு மாலை வேளையில் நடந்துகொண்டிருந்தபோது, எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்த ஒருவரோடு பேச்சுக் கொடுத்தேன். ஐம்பது வயதிருக்கும். ஏரிக்குக் கீழே இரண்டு காணி நிலம்.

"இந்த வருஷம் ஏரி எப்படி?" என்று கேட்டேன்.

"எப்படி இருந்தா எனக்கு இன்னா சார்? எனக்குத்தான் போரு இருக்குதே!" என்றார். பெருமையில்லை; உள்ளதைச் சொன்னார். "எங்கப்பா காலத்துல மதகு தெறக்கறவரு வூட்டு வாசல்ல போயி நிக்கணும். கடைமடைக்குத் தண்ணி வரதுக்குள்ள பயிரு சுருண்டுடும். ராத்திரில வாய்க்கா மேலயே படுத்துக் கெடப்பாரு. இப்ப சுச்சியப் போட்டா தண்ணி."

சற்று நின்று, ஏரியைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆனா, மோட்டார இன்னும் கீழ எறக்கணும்ங்கறான். போன தடவை எறக்குனதே கடன்ல."

அவருடைய இந்த இரண்டு பேச்சையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், பாகூர் ஏரியின் ஐம்பது வருஷச் சரித்திரம் வந்துவிடும். இந்தப் பூமியின் அடியில் மணற்பாறை அடுக்குகளில் ஏராளமான நீர் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிப் பக்கம் ஆழமாகக் குழாய் இறக்கியபோது, நீர் தன் அழுத்தத்தாலேயே பீறிட்டுக்கொண்டு மேலே வந்தது. இறைப்பதற்கு ஆள் வேண்டியிருக்கவில்லை. மின்சார மோட்டார் வந்த பிறகு இறைத்தோம், இறைத்தோம், நெல்லுக்கும் கரும்புக்கும் வருஷம் முழுவதும் இறைத்தோம். பீறிட்டது நின்றது. பிறகு மட்டம் இறங்கியது. பிறகு மோட்டாரும் அதன் பின்னால் இறங்க ஆரம்பித்தது.

தண்ணீர் தனித் தனி வீட்டுச் சொத்தாகிவிட்டபோது, ஏரி யாருக்கும் வேண்டாததாகிவிட்டது. வாய்க்காலில் கோரை முளைத்தால் கேட்பாரில்லை. வண்டி வண்டியாக வண்டல் எடுத்து வயலுக்கு அடித்த வழக்கமும் மூட்டை உரம் வந்ததும் நின்று போயிற்று. வண்டல் எடுக்கிறபோது ஏரி ஆழப்படும், வயலும் செழிக்கும். ஒரு வேலையில் இரண்டு லாபம். அதை நிறுத்தியதில் இரண்டு நஷ்டம். இதில் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. வாய்க்கால் மேலே படுத்துக் கிடந்த தகப்பனுடைய மகன், தன் மகன் அப்படிப் படுக்க வேண்டாமென்று நினைத்தான். அது பாவமா?

இதுவரை சொன்னது ஏரிக்கும் நிலத்துக்கும் உள்ள வழக்கு. இந்த வழக்கில் மூன்றாவது கட்சி ஒன்று இருக்கிறது. அது நிலம் இல்லாத கட்சி. பாகூருக்குக் கிழக்கே, கடலோரத்தில் இருக்கிறது. அதன் பெயர் பனித்திட்டு.

பெயரே அழகாக இருக்கிறதல்லவா? திட்டு என்றால் மேடு. மணலும், தென்னையும், கரையேற்றி வைத்த படகுகளும், உலர்கிற வலைகளும், கண்ணுக்கு எட்டிய தூரம் வங்காள விரிகுடாவும். அங்குள்ள மீனவர் குடியிருப்பில் ஒருவரிடம் போய் ஆயக்கட்டு எவ்வளவு, எந்த மதகு உங்களுக்கு என்று கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுடைய வயல் கிழக்கே இருக்கிறது. அதற்குக் கரை ஒரு பக்கம்தான்.

அந்தக் குடியிருப்பில் ஒரு கிழவி, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். எண்பதைத் தாண்டியவள். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். பேத்தியை அழைத்து, "உள்ளாற கேன் தண்ணி இருக்கும் பாரு, அதுல மொண்டாந்து குடு. கொழாத் தண்ணி வாணாம்" என்றாள்.

"ஏன் ஆயா, குழாய்த் தண்ணீருக்கு என்ன?"

"கரிக்குது தம்பி. எங்களுக்குப் பழகிப் போச்சு. ஒனக்கு ஆவாது."

பிறகு தானாகவே சொல்லிக்கொண்டு போனாள். அவள் கல்யாணமாகி வந்த நாளில் இந்த மணலில் இரண்டு முழம் கையால் தோண்டினால் ஊற்று வருமாம். "எளநி மாதிரி இருக்கும். கடலு அந்தாண்ட, ஊத்து இந்தாண்ட. ஆண்டவன் குடுத்ததுன்னு குடிச்சோம்."

பேச்சு வாக்கில் பாகூரைப் பற்றிச் சொன்னேன். கிழவியின் முகம் மலர்ந்தது. பாகூரை அவளுக்குத் தெரியாதா? முப்பது வருஷம் மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்தத் தெருக்களில் நடந்தவள்! விடிவதற்கு முன்னால் கரையில் மீன் எடுத்து, வெயில் ஏறுவதற்குள் பாகூர் போய்ச் சேர வேண்டும்.

"அப்பல்லாம் காசு யாரு குடுப்பா? நெல்லுதான். ஏரி ரொம்புன வருஷம் மரக்கா மரக்காவா அளந்து கொட்டுவாங்க. ஏரி காஞ்ச வருஷம், 'மீனு வாணாம் போ'ம்பாங்க. வெலையே இல்லாம வத்தலும் தொவத்தலுமா திரும்பி வருவோம். கூடையில மீனு நாறும். வூட்டுல புள்ளைங்க அழுவும். அதனால நாங்களும் பாப்போம் தம்பி, ஏரி ரொம்பிச்சா ரொம்பிச்சான்னு. ஐப்பசி மாசம் வானத்தைப் பாத்துக்கினே இருப்போம்."

நிலமில்லாத இந்தக் கிழவிக்கும் ஏரிக்கும் கூடையளவில் ஒரு கணக்கு இருந்திருக்கிறது. அந்தக் கணக்கு இப்போது இல்லை. நெல் அளந்து மீன் வாங்குகிற காலம் போய்விட்டது. ஆனால் அவளுக்குத் தெரியாத வேறொரு கணக்கு, பூமிக்கு அடியில், இன்னமும் நடந்துகொண்டிருக்கிறது. அதைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கடலோர ஊரில் மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் வருவது எப்படி? பக்கத்திலேயே அவ்வளவு பெரிய கடல் இருக்கிறதே, அது ஏன் ஊறி உள்ளே வந்துவிடவில்லை? இந்தக் கேள்வியை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலந்து தேசத்தில் கைபென் என்பவரும், சில வருஷங்கள் கழித்து ஜெர்மனியில் ஹெர்ட்ஸ்பெர்க் என்பவரும் கேட்டுக்கொண்டார்கள். இருவருக்கும் கிடைத்த விடை ஒன்றே. உப்புத் தண்ணீர் கனமானது. நல்ல தண்ணீர் சற்று லேசானது. நாற்பத்தோரடி உயரத்து நல்ல தண்ணீரும் நாற்பதடி உயரத்துக் கடல் தண்ணீரும் தராசில் வைத்தால் சரியாக இருக்கும். ஆகவே நிலத்தடியில் நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்தைவிட ஓரடி உயர்ந்து நின்றால், அது கடல்நீரைக் கீழே நாற்பதடி ஆழத்துக்குத் தள்ளி நிறுத்தும். பத்து அங்குலத்து மனிதன் ஒரு பூதத்தைக் கட்டி வைத்திருக்கிற கதை மாதிரி இருக்கிறது. ஆனால் கதை இல்லை, எடைக் கணக்கு.

லாபக் கணக்கில் இப்படி இருக்கிறது. நஷ்டக் கணக்கை எண்ணிப் பாருங்கள். மேலே ஓரடி மட்டம் இறங்கினால், கீழே நாற்பதடிக்கு உப்பு ஏறும். மோட்டார் ஓரடி குடிப்பது நமக்குத் தெரிகிறது. கடல் நாற்பதடி ஏறுவது தெரிவதில்லை. அது ஓசையில்லாமல் வருகிறது. ஒரு நாள் கிழவி சோற்றில் உப்புப் போடாமலே உப்பு இருக்கிறதே என்கிறாள். அப்போதுதான் தெரிகிறது.

இப்போது பாகூர் ஏரியை இந்தக் கணக்கில் சேர்த்துப் பாருங்கள். மேற்கே ஏரியில் தண்ணீர் நிற்கும்போது அதில் ஒரு பங்கு மதகு வழியாக வயலுக்குப் போகிறது. ஒரு பங்கு வெயில் குடிக்கிறது. ஒரு பங்கு தரையில் இறங்குகிறது. வயலில் பாய்ந்ததிலும் ஒரு பங்கு இறங்குகிறது. இறங்கியது கிழக்கே சரிவைப் பார்த்து, மணலுக்குள் மணலாக, மெல்ல மெல்ல நகர்கிறது. பாகூர் ஏரி, கிருமாம்பாக்கத்து ஏரி, வழியிலுள்ள குளங்கள், குட்டைகள் எல்லாமாகச் சேர்ந்து அந்த ஓரடியைத் தாங்கிப் பிடிக்கின்றன. ஏரிக்கரை பாகூரில் இருக்கிறது. அது தடுத்து நிறுத்துகிற கடல் பனித்திட்டில் இருக்கிறது. மண்ணால் போட்ட அந்தக் கரைக்கு இப்படி ஒரு வேலையும் இருக்குமென்று அதைப் போட்டவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள்.

இது மிகையென்று தோன்றுகிறவர்கள் சென்னைக்கு வடக்கே மீஞ்சூரைப் பார்க்கலாம். பட்டணத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் பயிருக்குமாக அங்கே 1960-களிலிருந்து நிலத்தடி நீரை இறைத்து இறைத்து, கடல்நீர் பல கிலோமீட்டர் தூரம் உள்ளே வந்துவிட்டது. பத்து இருபது வருஷத்தில் உள்ளே வந்த உப்பைத் திரும்பக் கடலுக்கு அனுப்ப எத்தனை காலமாகும் என்று கேட்டால், வந்ததைக் காட்டிலும் அதிக காலம் ஆகும் என்பதுதான் பதில். அழைக்காமல் வந்த விருந்தாளி, அவ்வளவு சீக்கிரம் படுக்கையைச் சுருட்டமாட்டான்.

நமக்குக் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துத்தான் ஆபத்து. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் கடல் எழுந்து கரையோரக் கிராமங்களுக்குள் நடந்து வந்தது. உலகமே பார்த்தது, உலகமே அழுதது. துணியும் அரிசியும் படகும் வீடும் வந்தன. கடல் மேலே வந்தது சில நிமிஷம். கீழே வந்துகொண்டிருப்பது பல வருஷமாக. அதற்குப் படம் பிடிக்கிறவர் இல்லை.

அதற்கு இருபது வருஷத்துக்குப் பிறகு வெள்ளம் எதிர்த் திசையிலிருந்து வந்தது. 2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை. மலைப் பக்கத்திலும் கொட்டியதால், 1958-ல் கட்டி முடித்த சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2-ஆம் தேதி விடியற்காலை வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களில் தண்ணீர் புகுந்தது, பயிர் மூழ்கியது, ஜனங்கள் மாடியில் ஏறி நின்றார்கள். சில நாளில் அத்தனை தண்ணீரும் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. டிசம்பரில் மூழ்கிய பூமி, சித்திரை வைகாசியில் மோட்டாரை இன்னும் கீழே இறக்கலாமா என்று யோசிக்கிற விந்தையை வேறு எந்த நாட்டில் பார்க்க முடியும்? வெள்ளத்தை ஏரியால் முழுக்க விழுங்கிவிட முடியாது, அது வாஸ்தவம். ஆனால் தூர்ந்த வாய்க்காலும் மேடிட்ட ஏரியும் விழுங்குவதற்கு வாயே திறக்கமாட்டா.

ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 1999-ல் தொடங்கி, ஐரோப்பிய ஒன்றியத்தின் பண உதவியோடு புதுச்சேரி ஏரிகளைப் புனரமைக்கிற திட்டம் ஒன்று நடந்தது. ஊருக்கு ஊர் ஏரிச் சங்கங்கள் அமைத்து, கரையை உயர்த்தி, மதகுகளைச் செப்பனிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் எந்தச் சங்கமும் தேவை உள்ளவரைதான் உயிரோடு இருக்கும். ஏரி நிரம்பாவிட்டாலும் எனக்குப் போர் இருக்கிறது என்று சொல்கிற பத்துப் பேர் கூடினால், அந்தக் கூட்டத்தில் காப்பிதான் சூடாக இருக்கும்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஏரிக்காக வாதாட வேண்டியவர்கள் இன்றைக்கு ஏரிக்குக் கீழே இல்லை. அதற்கும் கிழக்கே இருக்கிறார்கள். போர் வைத்திருப்பவன் மோட்டாரை இறக்கலாம். கடன் வாங்கியாவது இறக்கலாம். பனித்திட்டில் இறக்க இறக்க உப்புத்தான். ஏரியின் தேவை உண்மையில் யாருக்கு அதிகம் என்று பார்த்தால், பயிர் வைக்காத, வரி கட்டாத, மதகு இன்னதென்று அறியாத அந்த மீனவர் வீட்டுப் பெண்களுக்குத்தான். அப்படியிருக்க, பாகூர் ஏரியைப் பற்றி எங்கே யார் கூடிப் பேசினாலும் பனித்திட்டிலிருந்தும் இரண்டு பேர் வந்து உட்கார வேண்டாமா? பங்காரு வாய்க்காலைத் தூர் வாருவதில் அவர்களுக்கும் ஒரு சொல் இருக்க வேண்டாமா? நிலம் உள்ளவனே பாத்தியதைக்காரன் என்பது பழைய சட்டம். தாகம் உள்ளவனும் பாத்தியதைக்காரன் என்று ஒரு புதுச் சட்டம் எழுதினால் குடி முழுகிப் போகாது.

இதைச் சொன்னால் பாகூர்க்காரர் கோபித்துக்கொள்வார் என்று நான் நினைக்கவில்லை. எருமை ஓட்டி வந்தவரிடம், அவருடைய மோட்டார் பனித்திட்டுக்கு என்ன செய்கிறது என்று நான் பாடம் நடத்தவில்லை. கடனில் இருக்கிற மனிதரிடம் கடலைப் பற்றிப் பேசுவது மரியாதையாகாது. ஆனால் அவருடைய போரும் கிழவியின் குழாயும் ஒரே பாத்திரத்தில் போட்ட இரண்டு உறிஞ்சு குழாய்கள். இவரிடம் மட்டம் இறங்குகிறது. அவளிடம் ருசி மாறுகிறது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் குற்றம் சொல்ல இடமில்லை. பாத்திரத்தை நிரப்பும் வழியைப் பார்க்க வேண்டும். அந்த வழி சொர்ணாவூரிலிருந்து ஒரு வாய்க்காலாக, யாரோ எப்போதோ வெட்டி வைத்தபடி, கோரை மண்டி அங்கேயே கிடக்கிறது.

ஏரியில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று பார்க்க மதகருகே அளவு போட்டிருப்பார்கள். அதிகாரிகள் அதைப் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள், பத்திரிகையில் வருகிறது. வேண்டியதுதான். அதோடு, வருஷத்துக்கு ஒரு முறையாவது யாராவது ஒருவர் பனித்திட்டுக்குப் போய், எந்த வீட்டிலாவது ஒரு தம்ளர் குழாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்து, அது எப்படி இருந்தது என்பதையும் அதே நோட்டில், அடுத்த கட்டத்தில், எழுதி வைக்கலாம்.